கைப்பட்டைக்குத் திறக்கும் கதவு சக்கர நாற்காலிக்கும் திறக்குமா?

பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டால் பீனியாவிலும் பொம்மசந்திராவிலும் உள்ள தொழிற்சாலைகளில் ஒரு பேச்சு எழும். இந்த ஆண்டு குடும்பத்தோடு எங்கே போவது என்பதே அது. சங்கமோ நிர்வாகமோ பேருந்துக்கு ஏற்பாடு செய்யும். தலைக்கு இவ்வளவு என்று வசூல் நடக்கும். மைசூர் சாலையில் பிடதிக்கு அருகே 2005-ல் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்ட பின்னர் இத்தகைய பயணங்கள் பலவும் அந்தப் பக்கம்தான் திரும்புகின்றன. பெயர்ப் பட்டியல் எழுதும்போது சில பெயர்கள் மட்டும் விடுபட்டுப் போகும். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த கட்டடத் தொழிலாளியின் பெயர் ஒன்று. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த பிள்ளையின் பெயர் ஒன்று. பக்கவாதத்தில் விழுந்த தந்தையின் பெயர் ஒன்று. "அவர் அங்கே வந்து என்ன செய்யப் போகிறார்?" என்று யாரேனும் கேட்பார்கள். கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை. அந்த மனிதரே முந்திக்கொண்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிடுவார்.

அந்தக் கேள்விக்கான பதில் ராட்டினத்தில் தொடங்குவதில்லை. பூங்காவின் நுழைவாயிலில் தொடங்குகிறது. அந்த நுழைவாயில் இப்போது மாறி வருகிறது. டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைத் திருப்பிக் கொடுக்கும் காவலாளியின் இடத்தில் இயந்திரம் வந்து நிற்கிறது. கையில் கடிகாரம் போல் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. அதற்குள் அரிசி மணியை விடச் சிறிய ஒரு சில்லு. பட்டையை இயந்திரத்தின் அருகே காட்டினால் கதவு திறக்கிறது. அதே பட்டையைக் கொண்டு பெட்டகத்தைத் திறக்கலாம், தின்பண்டம் வாங்கலாம், ராட்டினத்துக்கு முறை பதிவு செய்யலாம். வசதியான ஏற்பாடுதான். யாருக்கு வசதி என்பதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சக்கர நாற்காலியில் வருபவருக்கு இந்தக் கைப்பட்டை பெரும் நன்மை செய்யக்கூடும். பெரும் தொல்லையாகவும் ஆகக்கூடும். எதுவாக ஆகும் என்பது சில்லைப் பொறுத்ததல்ல. இயந்திரத்தை எத்தனை அங்குல உயரத்தில் வைத்தார்கள், வழியை எத்தனை அங்குலம் அகலம் விட்டார்கள், தரை சமமா சரிவா என்பவற்றைப் பொறுத்தது. இவை யாவும் பூங்கா கட்டப்படும்போதோ இயந்திரம் வாங்கப்படும்போதோ தீர்மானமாகிவிடுகின்றன. அதன் பிறகு கேட்டால், "அடுத்த முறை பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கும்.

புளோரிடாவில் நடந்தது

பெரிய அளவில் இதைச் செய்து உலகத்தின் கவனத்தை ஈர்த்தது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட். அங்கே முதல் பூங்கா 1971 அக்டோபர் 1-ந் தேதி திறக்கப்பட்டது. அந்நாளைய வழக்கப்படி நுழைவாயிலில் சுழல் தடுப்புகள் இருந்தன. மூன்று இரும்புக் கம்பிகள் இடுப்பில் இடிக்க, தள்ளிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போகும் அந்தத் தடுப்பைப் பழைய பொருட்காட்சித் திடல்களிலும் தொழிற்சாலை வாயில்களிலும் பார்த்தவர்கள் உண்டு. அது மனிதர்களை எண்ணுவதற்காகச் செய்யப்பட்ட சாதனம். நடந்து வருகிறவர்தான் மனிதர் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. அதன் வழி ஏறத்தாழ 50 முதல் 55 சென்டிமீட்டர். சாதாரண சக்கர நாற்காலியின் அகலமோ பெரும்பாலும் அதை விட அதிகம். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

2013-ல் டிஸ்னி நிறுவனம் கைப்பட்டையை அறிமுகப்படுத்தியது. மேஜிக் பேண்ட் என்று அதற்குப் பெயர். இந்த ஏற்பாடு முழுவதற்கும் சுமார் 100 கோடி டாலர் செலவானதாக அப்போது செய்திகள் வந்தன. விடுதி அறைக் கதவு, கடை, ராட்டின வரிசை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பட்டைதான். ஆனால் சக்கர நாற்காலிக்காரரின் கண்ணோட்டத்தில் முக்கியமான செய்தி வேறு. பட்டை வந்தபோது நுழைவாயிலிலிருந்த சுழல் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். அவற்றுக்குப் பதிலாக ஏறத்தாழ இடுப்பு உயரத்தில் தூண்களை நட்டார்கள். பட்டையைத் தூணின் தலையில் வைத்தால் வட்ட விளக்கு பச்சையாக ஒளிரும். அவ்வளவுதான், தடுக்கக் கம்பி கிடையாது. பணியாளர் ஒருவர் பக்கத்தில் நின்று கவனிப்பார். தூண்களுக்கு இடையே குழந்தை வண்டியும் போகலாம், சக்கர நாற்காலியும் போகலாம், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பேரனும் போகலாம்.

எண்ணுவதைச் சில்லு செய்துவிட்டபடியால் கம்பிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதுதான் இந்தத் தொழில்நுட்பத்தால் கிடைத்த மெய்யான நன்மை. பட்டையை வாங்கி மாட்டிவிட்டு, பழைய கம்பித் தடுப்பையும் அப்படியே வைத்துக்கொள்ளும் பூங்கா அந்த நன்மையைத் தூக்கி எறிந்துவிடுகிறது. செலவு மட்டும் மிச்சம்.

டிஸ்னி தானாக மனமிரங்கி எல்லாவற்றையும் செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. அந்நாட்டில் 1990 ஜூலை 26-ந் தேதி மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் கையெழுத்தாயிற்று. அதன் கீழ் 2010-ல் வெளியாகி 2012 மார்ச் 15 முதல் கட்டாயமான கட்டட விதிகள், சுழல் கதவோ சுழல் தடுப்போ சக்கர நாற்காலி செல்லும் வழியில் இருக்கவே கூடாது என்கின்றன. கதவு திறந்தால் குறைந்தது 32 அங்குலம் வழி வேண்டும். கையால் தொட வேண்டிய எந்தச் சாதனமும் தரையிலிருந்து 48 அங்குலத்துக்கு மேலே போகக் கூடாது, 15 அங்குலத்துக்குக் கீழேயும் இறங்கக் கூடாது. இன்னொரு விதி மிக அழகானது. அந்தச் சாதனத்தை ஒரே கையால் இயக்க முடிய வேண்டும். இறுகப் பிடிக்கவோ, கிள்ளவோ, மணிக்கட்டை முறுக்கவோ அவசியம் இருக்கக் கூடாது. எழுதியவர் வாத நோயால் மடங்கிய விரல்களைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். ராட்டினங்களுக்கும் அந்த விதிப் புத்தகத்தில் தனிப் பகுதி உண்டு.

சின்னச் சின்ன விஷயங்கள்

விதியில் அடங்காத பல சங்கதிகளும் இருக்கின்றன. சக்கர நாற்காலியைத் தானே ஓட்டுபவருக்கு இரண்டு கைகளும் சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். இயந்திரத்தைத் தொட ஒரு கையை எடுத்தால் நாற்காலி ஒரு பக்கமாகத் திரும்பும். வாசல் சரிவில் இருந்தால் பின்னாலும் உருளும். மழைத் தண்ணீர் ஓட வேண்டும் என்று வாசலைச் சரிவாகப் போடும் கொத்தனாருக்கு இது தெரிய நியாயமில்லை. வரைபடம் போடும் பொறியாளருக்குத் தெரிய வேண்டும். இயந்திரத்துக்கு முன்னால் நாற்காலி நிற்கும் அளவுக்காவது தரை சமமாக இருந்தால்தான் அந்தக் கை சக்கரத்தை விட்டு எழும்.

உடன் ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தால் வேறு சங்கடம். மெட்ரோ நிலையங்களில் இருப்பது போன்ற மடிப்புக் கதவுகள் ஒரு பட்டைக்கு ஓர் ஆள் என்று கணக்கு வைத்திருக்கின்றன. முன்னால் இருப்பவர் பட்டையைக் காட்டியதும் கதவு திறக்கிறது. நாற்காலி பாதி உள்ளே போகும்போது தள்ளுபவர் தம் பட்டையைக் காட்ட வேண்டும்; அவருடைய இரண்டு கைகளும் கைப்பிடியில் இருக்கின்றன. கதவு மூடிக்கொள்ளலாம், மணி அலறலாம், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கலாம். குற்றம் செய்யாதவர் எல்லார் எதிரிலும் குற்றவாளி போல நிற்க நேரும். இரண்டு பட்டைகளையும் சேர்த்துப் படித்து, சற்று நேரம் கூடுதலாகத் திறந்து நிற்கும்படி இயந்திரத்துக்குச் சொல்லிவைப்பது பெரிய வித்தை அல்ல. வாங்கும்போது கேட்டால் கிடைக்கும்.

பட்டை கட்டும் இடமும் ஒரு பிரச்சினை. நாள் முழுதும் சக்கரத்தைத் தள்ளும் மணிக்கட்டில் பட்டை உராயும். தோல் வழண்டு போகும். மூளை முடக்குவாதத்தால் கை விறைத்திருக்கும் பிள்ளைக்கு இறுக்கமான பட்டையை மாட்டுவதே ஒரு போராட்டம். மாட்டினாலும் அந்தக் கையைத் தூணின் தலைக்கு நீட்ட முடிய வேண்டுமே! 2016 கடைசியில் டிஸ்னி வெளியிட்ட இரண்டாவது வகைப் பட்டையில் நடுவிலுள்ள வில்லையைக் கழற்றி எடுத்துச் சாவிக்கொத்தோடு சேர்த்துக்கொள்ள முடிந்தது. மணிக்கட்டில்தான் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் அதனால் தளர்ந்தது. கழுத்தில் தொங்கவிடலாம், நாற்காலியின் கைப்பிடியில் மாட்டலாம். சில்லுக்கு மணிக்கட்டு எது, நாற்காலி எது என்று தெரியாது.

அருகில் கொண்டுபோய்த் தொட வேண்டும் என்பதும் பிரம்மன் எழுதிய எழுத்தல்ல. இப்படித் தொட்டுக் காட்டும் வகைச் சில்லுக்குச் சில சென்டிமீட்டர் தூரம்தான் கைவரிசை. ஆனால் தொடக்க கால மேஜிக் பேண்டிலேயே மின்கலத்தோடு தூரத்திலிருந்து அடையாளம் காட்டும் இன்னொரு கருவியும் இருந்தது. ராட்டினத்தில் போகும்போது எடுத்த புகைப்படம் யாருடையது என்று அறிய அது பயன்பட்டது. படம் விற்பதற்குத் தூரத்திலிருந்தே ஆளைத் தெரிந்துகொள்ள முடிகிறதென்றால், கையைத் தூக்க இயலாதவருக்குக் கதவைத் திறப்பதற்கும் முடியத்தானே வேண்டும்?

கைப்பட்டையால் வேறொரு சுகமும் உண்டு. புளோரிடாவிலேயே யுனிவர்சல் நிறுவனம் 2017 மே 25-ந் தேதி திறந்த வல்கேனோ பே என்ற நீர்ப் பூங்காவில் தண்ணீரில் நனையாத பட்டையை எல்லோருக்கும் கட்டிவிடுகிறார்கள். சறுக்கு மேடையின் அருகிலுள்ள கம்பத்தில் அதைக் காட்டினால் முறை பதிவாகிவிடும். நேரம் வந்ததும் பட்டையே தெரிவிக்கும். கம்பி வேலிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து செல்லும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அந்த வளைவுகளில் சக்கர நாற்காலி திரும்பாது என்பது வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் தெரியும். வரிசையை ஒழித்ததே சலுகை. அதுவும் எல்லோருக்கும் பொதுவான சலுகை. இவருக்கென்று தனியாக யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு தகப்பனின் பூங்கா

டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்ற ஊரில் 2010-ல் மார்கன்ஸ் ஒண்டர்லேண்ட் என்ற பூங்கா திறக்கப்பட்டது. பெயர் ஏறத்தாழ பிடதிப் பூங்காவின் பெயரைப் போல ஒலித்தாலும் இரண்டுக்கும் தொடர்பில்லை. கட்டியவர் கார்டன் ஹார்ட்மன். வீடு கட்டி விற்கும் தொழிலில் இருந்தவர். அவருடைய மகள் மார்கனுக்கு உடலிலும் அறிவு வளர்ச்சியிலும் குறைபாடுகள். விடுமுறைக்குப் போன இடத்தில் நீச்சல் குளத்திலிருந்த பிள்ளைகளோடு விளையாட அந்தப் பெண் ஆசையோடு நெருங்கியபோது, அவளிடம் எப்படிப் பழகுவதென்று தெரியாத பிள்ளைகள் விலகிப் போனார்கள். அதைப் பார்த்த தகப்பன் பின்னர் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி நிலத்தில் 25 ஏக்கரில் பூங்கா எழுப்பினார்.

சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய குடை ராட்டினம் அங்கே உண்டு, ஊஞ்சல் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பது தொடக்கத்திலேயே வைத்த விதி. உள்ளே வருகிறவர்களுக்குக் கைப்பட்டையும் கட்டினார்கள். எதற்குத் தெரியுமா? கூட்டத்தில் பிரிந்துவிட்ட பிள்ளையைக் கண்டுபிடிப்பதற்கு. பூங்காவிலுள்ள திரை ஒன்றில் பட்டையைக் காட்டினால் தம் குழுவைச் சேர்ந்தவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரியும். பேச வராத பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்துவிட்டுத் தேடிய தாய்க்கு இதன் அருமை புரியும். 2017-ல் பக்கத்திலேயே நீர் விளையாட்டுப் பூங்கா ஒன்றையும் திறந்தார்கள். மின்கல நாற்காலி தண்ணீரில் நனைந்தால் பழுதாகிவிடும் என்பதால், அழுத்தப்பட்ட காற்றால் ஓடும் நாற்காலியைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து உருவாக்கி அங்கே வைத்தார்கள்.

ஒரே பொருள்தான். ஓரிடத்தில் பணப்பையாகவும் இன்னோரிடத்தில் தாயின் கண்ணாகவும் இருக்கிறது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை, இங்கே நடக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. சட்டத்தைப் பொறுத்தவரை இந்தியா பின்தங்கி இல்லை. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2007 அக்டோபர் 1-ந் தேதி இந்தியா ஏற்றது. அதன் 30-வது பிரிவு பொழுதுபோக்கையும் விளையாட்டையும் உரிமையாகவே பேசுகிறது. அதை ஒட்டி வந்த 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. பொதுக் கட்டடம் என்றால் அரசுக் கட்டடம் மட்டும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். பொதுமக்கள் வந்து போகும் தனியார் கட்டடமும் பொதுக் கட்டடமே என்றும், ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்குமான கட்டடங்களும் அதில் சேரும் என்றும் சட்டத்தின் விளக்கப் பகுதியிலேயே எழுதியிருக்கிறது. 29-வது பிரிவு கலை, பொழுதுபோக்கு பற்றியது. விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியும், கட்டி முடித்ததற்கான சான்றும் தரக் கூடாது என்கிறது 44-வது பிரிவு. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் வரை.

முதல் அபராதத் தொகையைக் கண்டு எந்தப் பெரிய பூங்காவும் நடுங்கப் போவதில்லை. குடும்பத்தோடு வரும் பத்துப் பேரின் டிக்கெட் வசூலுக்கு அது ஈடாகாது என்பதும் உண்மைதான்.

2005-ல் தொடரப்பட்ட ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-ந் தேதி ஒரு தீர்ப்பு வழங்கியது. அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் ஆலோசனைகளாக இருக்கின்றன, கட்டாயமாக இல்லை. சட்டம் கட்டாயம் என்று சொல்வதை விதி நீர்த்துப்போகச் செய்ய முடியாது என்று கூறி, 2017-ம் ஆண்டு விதிகளில் 15-வது விதியின் முதல் பகுதி செல்லாது என்றது. எவை கட்டாயம் என்று மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பார்வையற்றோரும் அமிலத் தாக்குதலுக்கு ஆளானோரும் வங்கிகளின் மின்னணு அடையாளச் சோதனையில் தேறமுடியாமல் தவிப்பது குறித்த வழக்கில், 2025 ஏப்ரல் 30-ந் தேதி அதே நீதிமன்றம், மின்னணு வசதிகளை அணுகுவதும் வாழும் உரிமையின் ஒரு கூறு என்று சொன்னது. கண்ணைச் சிமிட்டிக் காட்டு என்று கேட்கும் இயந்திரத்திடம், சிமிட்ட முடியாதவர் எப்படிச் சிமிட்டிக் காட்டுவார்? விரலை வை என்று கேட்கும் வாசலுக்கும் அதே கேள்வி பொருந்தும்.

விரல் ரேகை விஷயத்தைத் தொழிலாளிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்டிலும் சோப்புக்காரத்திலும் கை தேய்ந்தவர்கள் ரேஷன் கடை இயந்திரத்தில் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். டிஸ்னியின் வாசலிலும் பட்டையோடு விரலையும் வைக்கச் சொல்வதுண்டு. விருப்பமில்லாதவர், இயலாதவர் அடையாளச் சீட்டைக் காட்டிவிட்டுப் போகலாம். இயந்திரம் மறுத்தால் மனிதர் ஏற்றுக்கொள்ளும் வழி பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த மனிதர் மேலாளரைத் தேடிப் போகக் கூடாது.

பக்க வாசல் போதுமா?

நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு சமாதானம் உண்டு. "அவர்களுக்கென்று பக்கத்தில் தனி கேட் இருக்கிறதே!" இருக்கிறது, பூட்டியும் இருக்கிறது. சாவி காவலாளியிடம், காவலாளி தேநீர்க் கடையில். குடும்பம் முன் வாசலில் நுழைந்து உள்ளே காத்திருக்க, சக்கர நாற்காலிக்காரர் சரக்கு வண்டி வரும் வழியில் சுற்றிக்கொண்டு வந்து சேருவார். பிள்ளைகளின் முதல் குதூகலம் அதற்குள் முடிந்திருக்கும். நம்ம மெட்ரோவின் முதல் பகுதி 2011 அக்டோபர் 20-ந் தேதி ஓடத் தொடங்கியதிலிருந்து பெங்களூருவாசிகள் இதற்கு ஒரு மாற்றைக் கண்ணால் பார்க்கிறார்கள். இந்திய மெட்ரோ நிலையங்களில் அதே கதவு வரிசையில் ஒன்று மட்டும் அகலமாக இருக்கும். பெட்டி தூக்கி வருபவரும் கைக்குழந்தைக்காரியும் சக்கர நாற்காலிக்காரரும் அதே சீட்டைக் காட்டி அதே வரிசையில் போகிறார்கள். மெட்ரோவால் முடிந்தது, ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கும் பூங்காவால் முடியாதா?

உள்ளே போய்விட்டால் மட்டும் ராட்டினத்தில் ஏற்றிவிடுவார்களா என்ற கேள்வி நியாயமானது. வேகமான ராட்டினங்களில் உடலைத் தாங்கிப் பிடிக்க இயலாதவரை ஏற்றுவது ஆபத்து. பாதுகாப்புக்காக மறுப்பதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பூங்கா என்பது ராட்டினம் மட்டுமல்ல. பேத்தி சறுக்கி வந்து தண்ணீரில் விழுவதைப் பார்த்துச் சிரிப்பதற்கும் ஒரு தாத்தா டிக்கெட் வாங்குகிறார். அவர் பார்க்கவாவது உள்ளே வர வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அவர்களில் 54 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நடமாட்டத்தில் குறையுள்ளவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. ஒருவர் வர முடியாத இடத்துக்கு மற்றவர்களும் போகத் தயங்குகிறார்கள். வியாபாரக் கணக்குப் போட்டாலும் பூங்காக்காரருக்கு இது லாபம்தான்.

கேட்க வேண்டிய நேரம்

சங்கத்தின் சார்பில் ஐம்பது, நூறு பேருக்கு முன்பதிவு செய்கிறவருக்குத் தனி மனிதருக்கு இல்லாத பலம் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். முன் வாசலில் சக்கர நாற்காலி போகும் வழி எத்தனை அங்குலம் என்று கேட்கலாம். "வசதி இருக்கிறது" என்ற பதில் போதாது. அங்குலத்தில் சொல்லச் சொல்ல வேண்டும். கைப்பட்டை உண்டென்றால் அதைக் கையில் கட்டாமல் நாற்காலியில் மாட்ட விடுவார்களா, தள்ளிக்கொண்டு வருபவரையும் சேர்த்து ஒரே திறப்பில் உள்ளே விடுவார்களா என்று கேட்கலாம். கீழ்த்தட்டுப் பெட்டகம் கிடைக்குமா, பட்டையில் மிஞ்சிய பணத்தைத் திருப்பித் தரும் சன்னல் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டுமா என்பதையும் விடக் கூடாது. பட்டையில் பணம் ஏற்றுவதற்குப் பத்து இடம் வைத்துவிட்டு, திருப்பித் தருவதற்கு ஒரே இடத்தை, அதுவும் படியேறிப் போகும்படி வைப்பது வியாபாரத்தின் பழைய தந்திரம்.

பதிலை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சொன்னது ஒன்று, வாசலில் நடந்தது வேறு என்றால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அந்த எழுத்தோடு புகார் அனுப்பலாம். கர்நாடகத்தில் நடந்தால் கர்நாடக ஆணையருக்கு. விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் சென்னையிலோ கோவையிலோ நடந்தால் தமிழ்நாட்டு ஆணையருக்கு. புகார்தாரர் எந்த மாநிலத்துக்காரர் என்ற பேச்சுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் ஆணையருக்கு உண்டு. அவர் ஒரு பரிந்துரை அனுப்பினால், அதைப் பெற்றவர் மூன்று மாதத்துக்குள் என்ன செய்தார் என்று தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தைப் புகார் கொடுத்தவருக்கும் எழுத வேண்டும்.